காளியப்பன் தொட்டுக் காட்டிய படம்

முப்பத்திரண்டாவது வயதில் மாதப்பனுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்து, டைல்ஸ் ஒட்டும் வேலையில் நல்ல பெயர் எடுத்திருந்தவன். கட்டர் மெஷின் நின்ற பிறகும் யாரோ இரண்டு பேர் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டியதைப் பெயர்த்துப் போடு என்றார்கள். ஒருநாள் பெயர்த்தும் போட்டான். மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மனைவி பூங்குழலி அவனை மனநல டாக்டர் ரூபாவிடம் கூட்டிப்போனாள். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூளையில் கட்டி ஏதும் இருந்துவிடக் கூடாதே என்று ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது.

அதுவே வினையாகிப்போனது. அண்ணன் காளியப்பனுக்கு மைசூரிலேயே மண்டி மொஹல்லா பகுதியில் வெங்காயக் கடையில் வேலை. தம்பியைப் பார்த்தால் அவருக்கு எந்த வியாதியும் தெரியவில்லை. ஆள் திடமாகத்தான் இருந்தான், சவரம் செய்துகொண்டான், நேராக நடந்தான். இப்போது ரிப்போர்ட்டும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது.

“தலைக்குள்ள ஒண்ணுமில்லீன்னு மெஷினே சொல்லிப்போடுச்சு. எந்திரிச்சு வேலைக்குப் போடா,” என்றார்.

மாதப்பனுக்குக் கோபம் வரவில்லை. அண்ணன் சொன்னதை அவனும் நம்பினான். ஸ்கேனில் ஒரு புள்ளியாவது விழுந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினான். கட்டி என்றிருந்தால் சொந்தக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்திருப்பார்கள். ஒருவேளை தான்தான் நடிக்கிறோமோ என்று குழம்பி, மாத்திரையை நிறுத்திவிட்டான்.

மூன்றாவது வாரம் குரல்கள் அவனை நடக்கச் சொல்லின. லாரிகளுக்கு நடுவே ஹைவேயில் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை நடந்துவிட்டான். மஞ்சுநாத் என்ற ஆட்டோக்காரர்தான் அவனை ஓரமாக இழுத்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவன் போனிலிருந்தே பூங்குழலியைக் கூப்பிட்டார். அவள் வந்து சேரும்வரை சவாரிக்கும் போகாமல் பக்கத்திலேயே இருந்தார்.

மறுநாள் டாக்டர் ரூபா கன்னடத்தில் நிதானமாக விளக்கினார். நார்மல் என்றால் நோயில்லை என்று அர்த்தமில்லை; கட்டியோ ரத்தக்கசிவோ இல்லை என்றுதான் அர்த்தம். குரல் கேட்கும் இந்த நோய் உள்ளவர்கள் சில நூறு பேரையும் மற்றவர்கள் சில நூறு பேரையும் அளந்து ஒப்பிட்டுப் பார்த்தால், மூளையின் சில இடங்களில் சின்னச் சின்ன வித்தியாசம் தெரியும். ஒற்றை ஆளின் படத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்லிவிட முடியாது.

“நான் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை, மாதப்பா. நீங்கள் சொன்னதைக் கேட்டேன், நம்பினேன்,” என்றார்.

தன்னை ஒருவர் நம்பியிருக்கிறார் என்பதே அவனுக்குப் போதுமாயிருந்தது. அங்கேயே அழுதுவிட்டான். அதற்குப் பிறகு ஒருநாள்கூட மாத்திரை தவறவில்லை. ஆறு மாதத்தில் குரல்கள் தேய்ந்து, பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்கு வந்தன. மேஸ்திரி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து டாக்டர் ரூபா செய்த ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் தேவைப்பட்டது. நோயுள்ளவரும் நோயில்லாத கூடப்பிறந்தவரும் சேர்ந்து ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். மாதப்பன் உடனே சம்மதித்தான். அண்ணனிடம் கேட்கத்தான் தயங்கினான். பூங்குழலி போய்க் கேட்டாள். குகை மாதிரி இருக்கும் மெஷினுக்குள் படுக்கக் காளியப்பனுக்கு உள்ளூரப் பயம். ஆனாலும் வந்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்தார்.

முடிந்ததும் படத்தைக் காட்டச் சொல்லி அவரே கேட்டார். மாதப்பனும் தலையாட்டியதால் டாக்டர் இரண்டையும் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக வைத்தார். ஒரு படத்தின் நடுவில் கறுப்பு கொஞ்சம் அகலமாக இருந்தது. காளியப்பன் அதைத் தொட்டுக் காட்டி, “இதுதானுங்களே தம்பியோடது?” என்றார்.

அது அவருடைய படம்.

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். அது மூளைக்குள் நீர் இருக்கும் இடம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும், வயதும் சேர்ந்துகொள்ளும். காளியப்பன் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது தம்பியிடம் சொன்னார். “நீ நடிக்கறேன்னு நெனச்சுப்போட்டேன், மாதப்பா.”

“நானும் அப்பிடித்தானுங்கண்ணா நெனச்சேன்,” என்றான் அவன்.

இப்போதெல்லாம் மாதப்பன் டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் காளியப்பன் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே வருகிறார். டாக்டர் கேட்பதற்கு முன்பே, தம்பி சரியாகத் தூங்கினானா, சாப்பிட்டானா என்று ஒன்றுவிடாமல் சொல்கிறார். அதில் பாதி தப்பாக இருக்கும். மாதப்பன் திருத்துவதில்லை. அண்ணன் பேசி முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பான்.