எரிமலை ஊரில் திரும்பிப் பார்த்தவன்

அண்ணையும் நானும் பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பலில் ஒரே அறையில் இருந்தோம். வேலையும் ஒரே இடம், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் உணவகத்துக் குசினி. அவர் மரக்கறி வெட்டுவார், நான் கோப்பை கழுவுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஒரு இடத்தில் நிலைத்து இருக்கத் தெரியாது. ஒபர்வில்லியேயில் பெட்டி தூக்கினேன், மார்செய்யில் சுவர் பூசினேன், வேலை இல்லாத ஒரு குளிர்காலத்தை ரயில் நிலையங்களில் கழித்தேன். பேசும் பிரெஞ்சும் அப்படி வழியில் ஒட்டிக்கொண்டதுதான்.

அண்ணை மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், கத்தோலிக்க வேதக்காரர். என்னைவிட மிகவும் மூத்தவர். ஆனாலும் என்னைத் தம்பி என்று கூப்பிடமாட்டார், "ஐசே" என்பார். அவருக்குத் தம்பி ஒருவன்தான். அவன் ஏஜென்சிக்காரன் மூலம் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டு, எங்கோ பனிக்குள் இருந்து "நாளைக்கு எல்லை கடக்கிறம்" என்று போனில் சொன்னவன். அதற்குப் பிறகு அவனுடைய குரலும் இல்லை, உடலும் இல்லை, கண்டதாகச் சொல்ல ஒரு ஆளும் இல்லை.

நவம்பர், வேதக்காரருக்கு ஆத்துமாக்களின் மாதம். அந்த மாதம் தமிழ்ப் பூசை முடிகிற நேரத்தில் பாதர், இறந்தவர்களின் பெயர்களைக் கொடுக்கச் சொல்லுவார். மாதத்தின் கடைசி ஞாயிறு எல்லாப் பெயர்களையும் வாசித்துப் பூசை வைப்பார். ஒவ்வொரு நவம்பரும் தம்பியின் மனைவி ஊரில் இருந்து போன் எடுப்பாள்.

"அத்தான், இந்த முறை பேர் குடுக்கிறதோ?"

"பொறு பிள்ளை" என்பார் அண்ணை. போனை வைத்துவிட்டு எனக்குச் சொல்லுவார்: "குடுத்தால் நாங்களே அவனைக் கொன்ற மாதிரி, ஐசே. குடுக்காமல் விட்டு, அவன் உண்மையிலேயே செத்திருந்தால், அங்கை இருட்டுக்கை ஒருதரும் கூப்பிடாமல் நிண்டுகொண்டு இருப்பான்."

வருஷாவருஷம் இதுதான் கதை. இந்த முறை நவம்பர் பிறந்த கையோடு, ரூ காய் தெருவில் மரக்கறிக் கடை அக்கா தன் போனில் இருந்த படங்களைக் காட்டினா. கோயில் பஸ்ஸில் மாதாவைப் பார்க்கப் போய் வந்திருந்தா.

"எந்த ஊர் அக்கா?" என்று கேட்டேன்.

"லு புயி. சுத்திவர எரிமலையாம்."

"புயியோ, பேயோ?" என்றான் பின்னால் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவன்.

"உன்ரை வாயைக் கழுவு. மாதா இருக்கிற ஊர்."

அண்ணை சிரிக்கவில்லை. போனைக் கையில் வாங்கி ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். நீளமான படிக்கட்டு. எங்கள் சனம் குளிர்ச் சட்டைகளோடு வரிசையாக நிற்கிறது. அவர்களுக்குப் பின்னால் ஒருவன் மரக்கறிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுகிறான், பாதி முகம் தெரிகிறது.

அக்கா அதை அவருடைய போனுக்கு அனுப்பினா. அன்று முழுக்க அறையில் அந்தப் படம்தான். "என்ரை தம்பிதான், ஐசே. மூக்கைப் பார். காதைப் பார்."

"அண்ணை, இத்தனை வருசத்துக்குப் பிறகு முகம் அப்பிடியே இருக்குமோ?"

"முகம் எங்கை போகும் ஐசே?"

"ஆளைக் கண்டால் என்னெண்டு நிச்சயம் பிடிக்கிறது?"

"வீட்டுப் பேரைச் சொல்லிப் பின்னாலை நிண்டு கூப்பிடுவன். அந்தப் பேர் எங்கடை வீட்டை விட்டு வெளியாலை போகேல்லை. திரும்பினான் எண்டால் அவன்தான்."

கடைக்குட்டி என்பதால் தம்பிக்கு வீட்டில் குட்டி என்று பெயர். கடற்கரையில் காற்றுக்கு எதிராகக் கத்தும்போது அது "ஏ... குட்டே!" என்று இழுபடுமாம். அதை எனக்கு அறைக்குள் வைத்துக் கத்திக் காட்டினார். பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டினான்.

லீவு நாளான திங்கட்கிழமை விடியற்காலை கார் து லியோனில் ரயில் ஏறினோம். சாந்த் எத்தியெனில் இறங்கிச் சின்ன ரயிலுக்கு மாறினோம். அது ஆற்றோரமாக ஒரு பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் ஜன்னலுக்கு வெளியே பனிப்புகார் இறங்கி ஆற்றை மூடிவிட்டது. பெட்டிக்குள் எங்களைத் தவிர ஒரு கிழவரும் அவருடைய நாயும்தான். அந்த நாய் வழி முழுக்க அண்ணையைப் பார்த்துக்கொண்டே வந்தது.

ஊருக்குள் இறங்கியபோது பகல். ஆனால் வெளிச்சத்துக்கு எந்தப் பக்கம் என்று இல்லை. வீடுகளெல்லாம் கறுத்தக் கல், வீதியிலும் அதே கல், நனைந்து வழுக்கியது. திங்கள் என்பதால் கடைகள் பூட்டு. எல்லா ஜன்னல்களிலும் மரக்கதவு சாத்தியிருந்தது. சண்டைக்குப் பயந்து சனம் ஓடிப் போன ஊர்களுக்குள்ளால் நான் நடந்திருக்கிறேன். அங்கே கதவுகள் திறந்து கிடக்கும், அடுப்பில் சாம்பல் ஆறியிருக்கும். இங்கே புகைபோக்கிகளில் புகை வந்தது, மரக்கதவுகளுக்குப் பின்னால் தொலைக்காட்சி பேசியது, வெளியே மட்டும் ஒருவரும் இல்லை. ஓடின ஊரைவிட இது பயமாக இருந்தது.

திடீரென்று புகார் விலகியது. வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு பாறை, குத்தி நிறுத்திய ஊசி போல. அதன் நுனியில் ஒரு சின்னக் கோயில். எரிமலையின் தொண்டைக்குள் இறுகிப் போன குழம்புதான் அந்தப் பாறை என்றும், சுற்றியிருந்த மலையை மழை தின்றுவிட உள்ளே இருந்தது மட்டும் நிற்கிறது என்றும் ஒரு பலகையில் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்து அண்ணைக்குச் சொன்னேன். இன்னொரு பாறையின் மேல் சிவப்பு நிறத்தில் பென்னாம்பெரிய மாதா சிலை. தலை புகாருக்குள் இருந்தது, பாதமும் பிள்ளையின் ஒரு காலும்தான் தெரிந்தன. சண்டையில் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்த சிலையாம்.

"பீரங்கியையோ?" என்று நிமிர்ந்து பார்த்தார் அண்ணை. "அப்ப எங்களையும் அவவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

படத்தில் இருந்த படிக்கட்டைக் கண்டுபிடித்து ஏறினோம். அது நேராகப் பெரிய கோயிலின் வயிற்றுக்குள் போய் முடிந்தது. பீடத்தின் மேல் சின்ன மாதா. முகம் கரி போலக் கறுப்பு, வெள்ளைச் சால்வைக்குள் இருந்து பார்த்தது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் என்னைப் பார்ப்பதாக இருந்தது. நான் வேதக்காரன் இல்லை, ஆனாலும் கையைக் காற்சட்டைப் பையில் இருந்து எடுத்துவிட்டேன்.

ஓரமாக ஒரு பெரிய கறுத்த கல் கிடந்தது. முன்னொரு காலத்தில் காய்ச்சல்காரர் அதில் படுத்தால் காய்ச்சல் விடுமாம். அண்ணை உள்ளங்கையை அதில் வைத்தார்.

"இது குளிருதில்லை, ஐசே."

நானும் வைத்துப் பார்த்தேன். ஐஸ்கட்டி. அவருடைய கை மட்டும் எடுக்காமல் அங்கேயே இருந்தது. வாயில் இருந்து புகை வரும் அளவுக்குக் குளிர். அவர் முகம் வியர்த்திருந்தது.

படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன பார் மட்டும் திறந்திருந்தது. கோப்பி எடுத்துக்கொண்டு, அங்கே நின்ற பெண்ணிடம் படத்தைக் காட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு அண்ணையைப் பார்த்தாள்.

"இது இவர்தானே?" என்றாள்.

அண்ணைக்கு விளங்கிவிட்டது. கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அது இவர் இல்லை, இவர் தேடி வந்த ஆள் என்று நான் விளக்கினேன். அப்படியானால் மேலே யாத்திரைக்காரர் தங்கும் விடுதிக்கு மரக்கறி கொண்டுபோகிறவன், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவான், தனி ஆள், கதை குறைவு என்றாள் அவள்.

"கதை குறைவோ?" என்றார் அண்ணை. "குட்டியும் அப்பிடித்தான்."

படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு வாசல் வளைவுக்குள் நின்று காத்திருந்தோம். புகார் திரும்ப இறங்கியது. கோயில் மணி அடித்தது, அது மேலிருந்து கேட்கவில்லை, காலுக்குக் கீழே கல்லுக்குள் இருந்து கேட்டது. அண்ணை உதடு மட்டும் அசையச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சப்பாத்துச் சத்தம். ஒரு உருவம் தோளில் பெட்டியோடு எங்களைக் கடந்து போய்ப் படியேறத் தொடங்கியது. முதுகு கொஞ்சம் வலப்பக்கம் சரிந்த நடை. அண்ணையும் அப்படித்தான் நடப்பார்.

அண்ணை நடுப்படிக்கட்டுக்கு வந்து நின்றார்.

"ஏ... குட்டே!"

சுவருக்குச் சுவர் அது அடிபட்டுப் போனது.

அவன் நின்றான். பெட்டியை இறக்காமல், மெதுவாக, முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தான்.

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். அண்ணையின் மூக்கு, அண்ணையின் காது, கொஞ்சம் இளசு. இவருடைய முகத்தைக் கழற்றி அங்கே மேல்படியில் யாரோ மாட்டிவைத்த மாதிரி. அண்ணை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஏறினார். "என்ரை ராசா, இஞ்சை பார், நான்தான்..."

அவன் ஒரு படி பின்னுக்குப் போனான். பிறகு சுத்தமான பிரெஞ்சில் கேட்டான்: "கேட்கிறேன், ஐயா. சொல்லுங்கள்."

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. எக்குத்தே. கேளுங்கள் என்பதற்குப் பிரெஞ்சில் அதுதான் சொல். பின்னால் இருந்து ஒருவர் "கேளுங்கள்!" என்று கத்தினால் யார்தான் திரும்பமாட்டான்?

"குட்டே, குட்டே" என்று அண்ணை தமிழில் பேசிக்கொண்டே போனார். தகப்பன் பெயர் சொன்னார், தாய் பெயர் சொன்னார், வீட்டு முற்றத்தில் நின்ற மரத்தைச் சொன்னார். அந்த முகம் ஒன்றுக்கும் அசையவில்லை. அப்படி ஒரு தமிழ் முகம், தமிழ் உள்ளே போகாத முகம். கடைசியில் நான் இடையில் புகுந்து விசாரித்தேன். அவன் ரெயூனியோன் தீவில் பிறந்தவன். கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவில் இருந்து கப்பலில் கொண்டுபோன சனத்தின் வழி. அவனுடைய தாத்தாவுக்கே தமிழ் தெரியாதாம்.

"எங்கள் தீவில் மலை இன்னும் எரிகிறது" என்றான், ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக. "இங்கே எல்லாம் அணைந்துவிட்டது." அண்ணை அழுவதைப் பார்த்துவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்: "குட்டே என்றால் யார்?"

"அவருடைய தம்பி."

அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அண்ணையின் கையை ஒரு முறை பிடித்து விட்டான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டான். புகாருக்குள் முதலில் தலை மறைந்தது, கடைசியாகச் சப்பாத்து.

திரும்பும் ரயிலில் சாந்த் எத்தியெனுக்குக் கிட்ட வந்தபோது அண்ணை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "குசினியிலை செஃப் நாள் முழுக்க அந்தச் சொல்லைத்தானே கத்துறான்."

"ஓம் அண்ணை."

"வந்த முதல் நாள் அதைக் கேட்டுக் கத்தியைப் போட்டிட்டுத் திரும்பிப் பார்த்தனான். பிறகு அர்த்தம் படிச்சிட்டன். படிச்சென்ன? இத்தனை வருசமா ஒவ்வொரு நாளும் அவனை ஆரோ கூப்பிடுறாங்கள், நான் திரும்பிப் பாக்கிறன், அவன் இல்லை."

குசினியில் அவர் அடிக்கடி தலையைத் திருப்புவது பிடரி நோவால் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"முகம் எங்கையும் போகாது எண்டு சொன்னன்" என்றார். "போகுது, ஐசே. ஒருத்தன் விட்டிட்டுப் போனால், இன்னொருத்தன் போட்டுக்கொண்டு திரியிறான்."

அறைக்கு வந்ததும் தம்பியின் மனைவிக்கு அவரே போன் எடுத்தார். "பிள்ளை, இந்த முறை பேர் குடுக்கிறன்" என்றார்.

மாதத்தின் கடைசி ஞாயிறு நானும் அவரோடு கோயிலுக்குப் போனேன். பாதர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். தம்பியின் ஞானஸ்நானப் பெயர் வந்தது. நீளமான, புனிதர் ஒருவரின் பெயர். அண்ணை என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பேருக்கு அவன் ஒரு நாளும் திரும்பினதில்லை."

பிறகு முழந்தாளில் இருந்து, வாய்க்குள் வீட்டுப் பெயரையும் ஒரு தரம் சொன்னார். கத்தவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது.

வெளியே லா ஷப்பல் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே வழக்கமான சனம். சிகரெட் விற்கிறவர்கள், குழந்தை வண்டிகள், யாரோடோ சண்டை பிடிக்கும் ஒரு டாக்ஸிக்காரன். அவன் கையை ஆட்டிக் கத்தினான்: "எக்குத்தே! எக்குத்தே!"

அண்ணை திரும்பாமல் நடந்துகொண்டே இருந்தார். நான்தான் திரும்பிப் பார்த்தேன்.