செவலை சாட்சியாக அம்மை குத்திய நாள்

இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு இடது தோளுக்குக் கீழே ஒரு வட்டத் தழும்பு இருக்கும். அதற்குக் காரணம் எங்கள் அண்ணன். அவரைக் கேட்டிருந்தால், தன் பசு செவலையைக் கைகாட்டியிருப்பார்.

அண்ணன் பிறந்தது கரவனெல்லைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். தாய் தகப்பன் போன பிறகு, றப்பர் பால் வெட்டி என்னைப் படிக்க வைத்துக் கங்காணியானவர். யார்மேலும் கை ஓங்கியதில்லை; குரல் மட்டும் அடுத்த மலைக்குக் கேட்கும்.

பக்கத்துத் தோட்டத்தில் பெரியம்மை கண்டபோது, அம்மை குத்த டாக்டர் ஐயா வருவதாகச் சொன்னார்கள். லயமே மறுத்தது. மாரியம்மன் வரும் வழியை மறித்தால் கோபிப்பாள் என்று அண்ணி கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டார். பிள்ளையை நினைத்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது நான் அகராதியும் கையுமாக அலைந்தவன். மருந்தை வெள்ளைக்காரர் ‘வாக்சீன்’ என்கிறார்களே, அது இலத்தீனில் பசுவைக் குறிக்கும் ‘வாக்கா’விலிருந்து வந்தது, மாட்டுக்கு வரும் அம்மையில்தான் மருந்தைக் கண்டுபிடித்தார்கள் என்று விளக்கினேன். இலத்தீன் எந்த ஊர் என்றுகூட அண்ணன் கேட்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, இது கோமாதா கொடுத்த மருந்து என்று முழங்கினார்.

அண்ணி ஒன்றுதான் சொன்னார்: “மாடு குடுத்த மருந்துன்னா மாடு வந்து நிக்கட்டுங்க. அப்ப புள்ளையத் தாரேன்.”

லயம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. செவலைக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, ஏற்றத்தில் இழுத்தும் தள்ளியும் மருந்துச்சாலை வாசலுக்குக் கொண்டுவந்தார் அண்ணன். இதற்கு என்ன வருத்தம் என்று டாக்டர் ஐயா சிங்களத்தில் கேட்டார். வருத்தமில்லை, சாட்சி என்று அண்ணனும் சிங்களத்திலேயே சொன்னார். பெண்கள் செவலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கையை நீட்டினார்கள். அதற்குள் செவலை பாதி மாலையைத் தின்றுவிட்டது.

குழந்தைக்குக் குத்தியாயிற்று. அடுத்தது அண்ணன் முறை; ஆளைக் காணோம். செவலைக்கு மறுபக்கம் குனிந்திருந்தார்.

“வாங்க கங்காணியாரே, கோமாதா பாக்குதுல்ல,” என்றார் அண்ணி.

பெரியம்மை எங்கள் லயத்தில் யாரையும் தொடவில்லை. அந்த வருடத் திருவிழாவில் அண்ணி அம்மனுக்கு ஒரு பொங்கல், செவலைக்கு ஒரு பொங்கல் வைத்தார்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலியில் படுத்த அண்ணன், டாக்டர் ஊசியை எடுத்ததும் என் பக்கம் திரும்பி, “தம்பி, இதுக்கு என்ன மிருகம்?” என்றார். அவர் வாயிலிருந்து எங்கள் காதில் விழுந்த கடைசிக் கேள்வி அது.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், வண்டி கொடுத்த கடைக்கார முஸ்லிம் நாநாவுக்கும், தோள் கொடுத்த லயத்தாருக்கும் எங்கள் நன்றி. அன்று குத்திக்கொண்ட அந்தக் குழந்தைதான், வளர்ந்த பெண்ணாக, தழும்புள்ள கையால் அப்பாவின் வாயில் கடைசிப் பால் ஊற்றினாள். பால் தந்தது செவலையின் பேத்தி. அதற்கும் நன்றி.