வேன் போன பிறகு எழுதிய விடைகள்

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் வேங்கிக்காலில் என் வீட்டுக்கு யாரும் நலம் விசாரிக்க வருவதில்லை. மறுமதிப்பீட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது, பட்டச் சான்றிதழில் தகப்பனார் பெயரைத் திருத்த முடியுமா என்று கேட்கத்தான் வருவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் வந்தாள்.

பி.ஏ. பொருளாதாரம் முடித்திருந்தாள், ஒரு பாடம் தவிர. பிறவியிலிருந்தே கைகால்கள் அவள் சொன்னபடி கேட்காது, சக்கர நாற்காலிதான். பேச்சும் ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து வரும். அந்த ஒரு பாடத்தில் தேறினால் எம்.ஏ. இடம் கிடைக்கும். இல்லையென்றால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

"போன தடவ மாடியில ஹால் போட்டுட்டாங்க சார். தூக்கிட்டுப் போக ஆள் தேடறதுக்குள்ளயே பாதி நேரம் போயிடுச்சு" என்றாள்.

மனுவை நானே எழுதினேன். தரைத்தளத்தில் அறை, அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம். மூன்றும் அவளுடைய உரிமை. கல்லூரி முதல்வர் படித்துவிட்டு, "நம்ம பொண்ணு சார், செஞ்சிடலாம்" என்றார். அலுவலகத்தில் யாராவது ‘நம்ம பொண்ணு’ என்றால் நான் உஷாராகிவிடுவேன். விதிப்படி எதுவும் நடக்காது என்பதை அவ்வளவு அன்பாக வேறு எப்படியும் சொல்ல முடியாது.

அறை கொடுத்தார்கள். உடைந்த பெஞ்சுகளையும் ஆண்டு விழா அலங்கார வளைவையும் போட்டு வைத்திருந்த அறை. எழுத ஆளும் கொடுத்தார்கள், தாவரவியல் முதலாண்டு மாணவி. அதே பாடம் படிப்பவர் எழுதித்தரக் கூடாது என்பது விதி. அந்த ஒரு விதியை மட்டும் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார்கள்.

தேர்வு நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகச் சாயங்காலம் சாலைகளை மறித்துவிடுவார்கள். அவளோடு ஆட்டோவில் முன்னதாகவே போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்து மற்றவர்கள் வெளியே வந்த பிறகும் அவள் அறையிலிருந்து குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கூடுதல் நேரம் கொடுத்துவிட்டார்கள்! பியூன் உள்ளே டீகூட எடுத்துப் போனார்.

கொஞ்ச நேரத்தில் விடைத்தாள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியது. தேர்வை நடத்தும் தலைமைக் கண்காணிப்பாளரிடம் ஓடினேன்.

"அந்தப் பொண்ணு இன்னும் எழுதிட்டிருக்குது, வேன் போவுதே?"

"பௌர்ணமி சார். ரோடு மறிச்சிட்டா வேன் மாட்டிக்கும். மணி அடிச்சதும் அவங்க விடைத்தாள வாங்கிக் கட்டுல வச்சுட்டோம். மீதிய வெள்ளத் தாள்ல எழுதச் சொல்லியிருக்கோம்."

"அத எப்படி அனுப்புவீங்க?"

"நீங்க அந்த செக்‌ஷன்ல இருந்தவரு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். முத்திரையிட்ட கட்டுக்குள் வராத தாளை யாரும் திருத்த மாட்டார்கள்.

"அப்ப எதுக்கு எழுத விட்டீங்க?"

"சந்தோஷமா எழுதட்டுமேன்னுதான். பாவம் சார். நீங்க சொல்லிடாதீங்க, மனசு ஒடஞ்சிடும்."

பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர், கட்டோடு வராததை எடுத்துக்கொள்ள வழியில்லை என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன் சார். பெரிய கேள்விங்கள கடைசியா வச்சிருந்தேன். அதான் டைம் இருக்குதேன்னு."

திரும்பும்போது சாலையை மறித்துவிட்டார்கள். வெறுங்காலோடு கூட்டம் நடந்துகொண்டேயிருக்க, ஆட்டோ ஓரமாக நின்றது. அங்கே வைத்துச் சொன்னேன்.

"அப்ப டீ எதுக்கு சார் குடுத்தாங்க?"

"டீக்கு ரூல் எதுவும் இல்லம்மா. அதனால குடுத்தாங்க."

தேறவில்லை. எம்.ஏ. இடமும் போயிற்று. புகார் கொடுத்தோம். மாணவிக்குக் கூடுதல் நேரம் வழங்கப்பட்டது, அதற்கு அவரது கைரேகை உள்ளது என்று பதில் வந்தது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

அடுத்த தேர்வுக்கு மனு எழுத நான் பேனாவைத் திறந்தபோது, "அந்த ஒரு மணி நேரம் வேணாம் சார்" என்றாள். நான் எவ்வளவோ வாதாடினேன். கேட்கவில்லை. சலுகையை மறுத்த தன்னம்பிக்கை என்று முதல்வர் கல்லூரிக் கூட்டத்தில் புகழ்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தத் தேர்வில் பாதிதான் எழுத முடிந்தது. மணி அடித்ததும் நாற்காலியைத் தேர்வு அலுவலக வாசலுக்குத் தள்ளச் சொன்னாள். உள்ளே கட்டைத் தைத்து அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வழியில நிக்காதம்மா, கொஞ்சம் ஓரமாப் போ" என்றார் தலைமைக் கண்காணிப்பாளர்.

அவள் நகரவில்லை. கட்டுகளைத் தூக்கி வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"போலாமாம்மா?" என்றேன்.

"வேன் கெளம்பட்டும் சார்."