குரும்பலூரில் ஒரு குரலைத் தேடி

இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியவை பெரும்பாலும் திருக்கோயில்களுக்குச் சென்று வந்த கதைகள். இம்முறை எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாகக் குரும்பலூர் வரை, இறந்துபோன ஓர் இளைஞனின் குரலைத் தேடிக்கொண்டு அவன் தந்தையோடு போய் வந்தேன்.

அவர் பெயர் கலியபெருமாள். ஆண்டிமடம் பக்கத்தில் கொஞ்சம் முந்திரிக்காடு வைத்திருப்பவர். மார்கழி மாதங்களில் தில்லைக்கு நடைப்பயணம் போகும்போது பழக்கமானவர். ஒரே மகன் செந்தில். பெரம்பலூர்ப் பக்கத்துக் கல் குவாரி ஒன்றில், கல் அரைக்கும் கிரஷரில் ஐந்தாண்டுகள் வேலை செய்தான். நுரையீரலில் தூசி சேர்ந்து இருபத்தாறாவது வயதில் போய்விட்டான். தலைத் திவசத்துக்கு இரண்டு நாள் முன்னதாக வரும்படி கலியபெருமாள் தொலைபேசியில் அழைத்தார்.

"அவன் ஏதோ ராப்புன்னு ஒரு பாட்டுல பாடுனானாங்க. அவங்கம்மா ஒருதடவ கேட்டுருக்கா. இப்ப அந்தக் குரல ஒருக்கா கேட்கணும்கிறா. பாட்டு போனுல வருது, ஆனா அதுல அவன் இல்லைங்க. பெரம்பலூர்ல அந்தப் பாட்டுக் கூட்டத்துப் பசங்க இருக்காங்க. அவங்க பேசுறது எனக்கு ஒண்ணும் புரியாது. நீங்க பாட்டு தெரிஞ்சவரு, கூட வாங்க."

நான் அறிந்த பாட்டு வேறு. பதிகமும் பாசுரமும் வெண்பாவும் கற்றவனுக்கு ராப் என்பது வெறும் இரைச்சல் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். இருந்தாலும் மறுக்க மனம் வரவில்லை.

விருத்தாசலத்தில் காலை ஏழேகால் மணிக்கு வண்டி ஏறினால் ஒரு மணி நேரத்தில் அரியலூர். முன்பதிவில்லாப் பெட்டியில் கட்டணம் நாற்பது ரூபாய்க்குள். ரயிலடியிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ உண்டு. கலியபெருமாள் அங்கே வெள்ளை வேட்டியும் துண்டுமாக நின்றிருந்தார். ஓராண்டுக்குள் பத்து வயது கூடியவர்போல் தெரிந்தார். பெரம்பலூருக்கு முப்பது கிலோமீட்டர், இருபத்தெட்டு ரூபாய், ஏறத்தாழ ஒரு மணி நேரம். வழியெல்லாம் கல் ஏற்றிய லாரிகள். சன்னலோர இருக்கை வேண்டாம் என்பது என் அனுபவம். இறங்கும்போது சட்டையின் நிறம் மாறியிருக்கும்.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கைபேசி பழுதுபார்க்கும் சிறிய கடை. நடத்துபவர் இம்ரான், முப்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ராப் ரசிகர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள் என்று விசாரித்து வைத்திருந்தோம். நாங்கள் போனபோது விவாதம் முற்றியிருந்தது. பழுதுபார்க்க வந்தவர்கள் என்று நினைத்து, "உக்காருங்கய்யா, இதோ வரேன்" என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை நகர்த்திப் போட்டுவிட்டு இம்ரான் மீண்டும் சண்டைக்குத் திரும்பினார்.

"மொதல்ல போட்ட ஆல்பம்தான்டா கெத்து. ரெண்டாவது தடவ மிக்ஸ் பண்ணிப் போட்டது, சோப்பு போட்டுக் கழுவுன மாதிரி இருக்கு" என்றார் இம்ரான்.

"கழுவாம போட்டதுல என்ன கேட்டுச்சு பாய்? பேஸ் எங்கன்னே தெரியல. ஒரே கொர்ருன்னு இருந்துச்சு" என்றான் எதிரே இருந்தவன். வினோத் என்று பெயர். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுகிறவன்.

"அந்தக் கொர்ருதான்டா பெரம்பலூரு."

"சரி, பீட்ட ஒத்துக்கறியா இல்லையா? அந்த நாலாவது அடியில 'டக்'குன்னு ஒண்ணு விழுது பாரு. ராஜ்குமார் அண்ணன் மாதிரி புரொட்யூசர் மெட்ராஸ்லயே கெடையாது."

"அது கடப்பாரை கல்லுல படுற சத்தம்."

"லாரி டோரு சாத்துறது பாய். இத நூறு தடவ பேசிட்டோம்."

ஆல்பம் என்று அவர்கள் சொன்ன பாட்டுத் தொகுப்பின் கதையை அவர்கள் பேச்சிலிருந்தே புரிந்துகொண்டேன். முதன்மைப் பாடகன் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். இசையமைத்தவர், அவர்கள் சொல்லும் புரொட்யூசர், குரும்பலூர் ராஜ்குமார். முதலில் வெளியிட்டபோது ஒலி சரியில்லை என்று இந்த ரசிகர் குழுவே ஓயாமல் குறை சொல்லியிருக்கிறது. ஆகவே அவர் எல்லாவற்றையும் திருத்தி மீண்டும் வெளியிட்டு, பழையதை நீக்கிவிட்டார். மூன்றாம் பாட்டில் 'தூசி' என்ற பெயரில் ஒருவன் பாடிய பகுதி திருத்தத்தில் விடுபட்டுவிட்டது.

"தூசி வெர்ஸ் போனது நஷ்டம்தான்" என்றார் இம்ரான்.

"எழுத்துல நல்லாத்தான் இருந்துச்சு. வாயில வீக்கு பாய். மூச்சே பத்தல அவனுக்கு. நாலு வார்த்தைக்கு ஒருக்கா இழுப்பான், பஞ்சர் டியூப்பு மாதிரி" என்றான் வினோத். இரண்டு பேர் சிரித்தார்கள்.

கலியபெருமாள் துண்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது என் மவன் தம்பி. தூசிங்கிறது செந்திலு. நாளன்னிக்கு அவனுக்குத் தலைத் திவசம்."

சிரிப்பு நின்றது. வினோத் எழுந்து நின்றுவிட்டான். "அய்யா, எனக்குத் தெரியாதுங்க, அவரு தவறிட்டாருன்னும் தெரியாதுங்க" என்று இரண்டு முறை சொன்னான். இம்ரான் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வந்த காரியத்தை நான் சொன்னேன். பழைய பதிவு எவரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். எல்லோரும் கைபேசிகளைத் துழாவினார்கள். எவரிடமும் இல்லை. "எப்ப வேணா நெட்ல கேட்கலாம்னு யாருமே எறக்கி வெக்கல" என்றார் இம்ரான். ஆனால் செந்தில் பாடிய வரிகள் அத்தனை பேருக்கும் மனப்பாடமாக இருந்தன. ஒருவன் மேசையில் விரலால் தட்ட, சேர்ந்து சொன்னார்கள்.

கல்லரைச்சு ரோடு போட்டோம், காரு ஒனக்கு ஓடுது
சொல்லரைச்சுப் பாட்டு போட்டேன், தொண்ட எனக்கு வாடுது
முந்திரிக்காட்ட விட்டு வந்தேன், முகமெல்லாம் மாவுதான்
எந்திரத்தக் கேட்டுப் பாரு, எம் பேரு தூசிதான்

எதுகை பிசகாமல் நின்றது. யாப்பு படிக்காத பிள்ளை. அடிக்கு அடி ஓசை தட்டாமல் எப்படிக் கட்டினான் என்று வியந்தேன். நான் கற்றவற்றுக்கு இது அயலானதல்ல என்பது அங்கே விளங்கியது.

உடனே ஒரு தகராறு. "முகமெல்லாம் இல்ல, முடியெல்லாம் மாவுதான்" என்றான் வினோத். இம்ரான் இல்லையென்றார். குழு இரண்டாகப் பிரிந்தது. பழைய ஓலைகளில் பாடபேதம் பார்த்துப் பழகியவன் ஆகையால் நானும் அதில் மூழ்கிவிட்டேன். இரண்டுமே மோனைக்குப் பொருந்தும், யாப்பைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது என்று விளக்கத் தொடங்கினேன். பாதியில் கலியபெருமாளைப் பார்த்தேன். அவர் எங்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வாய்களிலும் மகனுடைய சொல் இருந்தது. அவர் கேட்க வந்த குரல் ஒன்றிலும் இல்லை. ஓதுகிறவன் நாவில் பாட்டு இருந்தால் போதும், பாடியவரின் தொண்டை எதற்கு என்று அறுபது ஆண்டுகளாக நம்பியிருந்தவன் நான். பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

"ராஜ்குமார்கிட்ட ஒரிஜினல் இருக்கும்யா. போலாம் வாங்க" என்றார் இம்ரான்.

குரும்பலூர் துறையூர் சாலையில் எட்டொன்பது கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பத்து ரூபாய். இம்ரானும் வினோத்தும் உடன் வந்தார்கள். மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு இறங்கினோம். வெயில் காலத்தில் போகிறவர்கள் குடை எடுத்துச் செல்ல வேண்டும். நிறுத்தத்திலிருந்து உள்ளே நடக்கும் வழியில் நிழல் கிடையாது.

ராஜ்குமார் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துப் பிழைப்பவர். மாடியில் ஓர் அறை, எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுதும் முட்டை அட்டைகள். செந்தில் அங்கேதான் அவரோடு மூன்றாண்டுகள் தங்கியிருந்தான். கலியபெருமாளைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. "சாவுக்கு வந்தேன்பா. கிட்ட வர தைரியமில்லாம தெருமுனையிலயே நின்னுட்டுப் போயிட்டேன்" என்றார்.

பழைய பதிவைக் கேட்டோம். சேமித்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டதாகவும், திருச்சி வரை கொண்டுபோய்ப் பார்த்தும் மீட்க முடியவில்லை என்றும் சொன்னார். அந்தப் பகுதியைக் கிரஷர் ஓரத்துக் கொட்டகையில் வைத்துக் கைபேசியில் பதிந்திருக்கிறார்கள். எந்திரச் சத்தத்தைப் பிரிக்க முடியாததால், திருத்திய பதிப்புக்காகச் செந்திலை மீண்டும் பாட வரச் சொன்னார். வந்தான். அப்போது நோய் முற்றியிருந்தது.

"அப்பயாவது ஏதாச்சும் பதிஞ்சீங்களா தம்பி?" என்று கலியபெருமாள் கேட்டார்.

ராஜ்குமார் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கணினியில் எதையோ தேடி எடுத்து ஒரு விசையை அழுத்தினார். ஒரே ஓர் ஒலி. அரை நொடிகூட இராது. 'டக்' என்று விழுந்தது. ரசிகர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் அவர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த அதே அடி.

"இது செந்திலு" என்றார் கலியபெருமாள். "இருமுறான்."

இம்ரான் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ராஜ்குமார் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "மொத வரி தாண்ட முடியலப்பா. ஒம்போது தடவ எடுத்தோம், எல்லாத்துலயும் இருமல். நான் மைக்க ஆஃப் பண்ணப் போனேன். அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான், 'பாட்டுதான் வரல, இருமலயாச்சும் வெச்சுக்கடா மாப்ள. கடேசி வரைக்கும் உன் பீட்டுல நானும் இருந்துட்டுப் போறேன்'னு. பாடுன டிராக்க அழிச்சிட்டேன், கேட்கத் தாங்கல. இருமல் ஒண்ண மட்டும் வெட்டி அடியா வெச்சேன்."

"எந்தப் பாட்டுல?" என்று கலியபெருமாள் கேட்டார்.

"எல்லாத்துலயும்பா. நாலு அடிக்கு ஒருக்கா வரும்." விசைப்பலகையில் கை வைத்து, "நீங்க சொன்னா இன்னிக்கே எடுத்துட்டு வேற போட்டுர்றேன்" என்றார்.

"அத எடுத்தா பீட்டே செத்துரும்ணா" என்றான் வினோத். எந்தச் சொல்லைச் சொன்னோம் என்று பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

கலியபெருமாள் அவனைக் கோபிக்கவில்லை. "அவனேவா சொன்னான்?" என்று ராஜ்குமாரிடம் கேட்டார்.

"சத்தியமாப்பா."

"அப்ப இருக்கட்டும். அவன் குடுத்தத நான் எப்படி எடுக்கச் சொல்றது."

அம்மாவுக்குக் கேட்கக் கொடுக்க, அந்த ஒலியைப் பென்டிரைவில் போட்டுத் தரட்டுமா என்று ராஜ்குமார் கேட்டார். கலியபெருமாள் கையை உயர்த்தி மறுத்தார். "வேணாம் தம்பி. எட்டு மாசம் அவன் வூட்ல கெடந்தப்ப அவ கேட்டதெல்லாம் இதுதான். இப்ப பாட்டத்தான் கேட்கணும்கிறா."

பெரம்பலூருக்குத் திரும்பி, இரண்டரை மணிக்கு அரியலூர் பேருந்தில் ஏறினோம். தனியார் வண்டி, பாட்டு உண்டு. இரண்டு சினிமாப் பாட்டுகள் முடிந்ததும் அந்தத் தொகுப்பின் முதற்பாட்டு தொடங்கியது. முன்னிருக்கையில் இரண்டு மாணவர்கள் தொடையில் தாளம் போட்டார்கள். நாலாவது அடி வரும்போதெல்லாம் கை சற்றே பலமாக விழுந்தது. நான் கண்ணை மூடித் திருவைந்தெழுத்தை எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கைக்கு நடுவிலும் அது வந்து விழுந்தது.

"நடத்துநரிடம் பாட்டை நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாங்க. கேட்கறவங்க கேட்கட்டும். நாம எறங்கிக்கலாம்."

எந்த ஊர் என்றுகூடப் பார்க்காமல் இறங்கினோம். அடுத்த பேருந்துக்கு நாற்பது நிமிடம் நின்றோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் துண்டால் மூக்கை மூடிக்கொள்ளவில்லை.

ஜெயங்கொண்டம் வழியாக ஆண்டிமடம் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி. அவர் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார். "கெடச்சுதாங்க?" என்று கேட்டார்.

"எந்திரத்துல அழிஞ்சிபோச்சாம் புள்ள. ஒண்ணுமில்ல."

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். பொய்யாமையைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறேன். அன்று அந்தப் பொய்யோடு நானும் வாசற்படி ஏறினேன். மறுநாளுக்கு மறுநாள் திவசம் நடந்தது. நான் பதிகம் ஓதினேன். அந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்டார். அவர் கேட்க விரும்பிய பாட்டு அதுவன்று.

இதை எழுதக் கலியபெருமாளிடம் அனுமதி பெற்றேன். "அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுதுங்க, அவன் பாட்டு நாலு வரியாவது நிக்கட்டும்" என்றார். முகமா முடியா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. பெரும்பான்மை பற்றி 'முகம்' என்றே கொடுத்திருக்கிறேன்.

அப்பக்கம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அரியலூர், பெரம்பலூர் இடையே கால் மணிக்கொரு பேருந்து உண்டு. குரும்பலூருக்கு நகரப் பேருந்தில் போவதானால் மாலைக்குள் திரும்பிவிடுவது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசமின்றி அந்தச் சாலையில் போகவே வேண்டாம். பேருந்திலோ தேநீர்க் கடையிலோ நாலு அடிக்கு ஒருமுறை 'டக்' என்று விழும் ஒரு ராப் பாட்டு கேட்டால், நிறுத்தச் சொல்ல வேண்டாம். பாடியவன் விருப்பம் அது. ஆனால் அந்நேரம் உங்கள் பக்கத்தில் இருக்கும் பெரியவர் எவரேனும் ஊர் வருமுன்பே இறங்க எழுந்தால், காரணம் கேட்காமல் காலை ஒதுக்கி வழி விடுங்கள்.