இலத்தீன் வாத்தியாரின் கிரேக்கம்

சிட்னியின் மேற்கே வென்ட்வேர்த்வில்லில் நீக்கிலாப்பிள்ளை மாஸ்டரைத் தெரியாத தமிழர்கள் குறைவு. ஆனால் அவர் என்ன படிப்பிக்கிறார் என்று கேட்டால் பலரும் தடுமாறுவார்கள். ஒருவர் இத்தாலி மொழி என்பார், இன்னொருவர் பைபிள் என்பார். "செத்த பாஷைக்கு வாத்தியார்" என்று சொல்லிச் சிரிக்கிறவர்களும் உண்டு. அவர் அதற்கெல்லாம் கோபிக்கிறவரல்ல. இலத்தீன் அவருக்குச் சோறு போட்ட மொழி. இளவயதில் கத்தோலிக்கக் குருவாகும் எண்ணத்தோடு செமினரியில் சேர்ந்து, சில வருடங்கள் இருந்து, இது தனக்கு விதித்ததல்ல என்று வெளியே வந்தபோது அவர் கையோடு கொண்டுவந்தது அந்த ஒன்றைத்தான். சிட்னிக்கு வந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, நகரத்துக்கு வடக்கே ஒரு பெரிய தனியார் பள்ளியில் இலத்தீன் ஆசிரியரானார். பிள்ளைகளின் வாயில் நீக்கிலாப்பிள்ளை நுழையாததால் அங்கே அவர் மிஸ்டர் நிக்கலஸ்.

இரண்டாயிரத்துப் பத்தின் கடைசியில் இலத்தீன், கிரேக்கத் துறையின் தலைவராக இருந்தவர் ஓய்வு பெற்றார். மூப்பின்படி அடுத்தது நீக்கிலாப்பிள்ளை. அதிபர் மிசிஸ் லொறிமர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, துறையைப் பற்றி இதமாகப் பேசிவிட்டு, எழும்புகிற நேரத்தில் கேட்டார்.

"கிரேக்கமும் உங்களால் முடியும்தானே, தேவைப்பட்டால்?"

"நிச்சயமாக" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

செமினரியில் அவர் ஒரு வருடம் கிரேக்கம் படித்தது உண்மை. அது வேதாகமத்தை மூலத்தில் தடவிப் பார்க்கிற அளவுக்கான கிரேக்கம். அதுவும் முப்பது வருடத்துக்கு முந்திய கதை. எழுத்துக்கள் தெரியும், சில நூறு சொற்கள் தெரியும், ஜெபம்போல மனப்பாடமாகிவிட்ட ஓரிரு வரிகள் தெரியும். அவ்வளவுதான். ஆனால் பதவி கைக்கு எட்டிய நேரத்தில் 'கொஞ்சம் தெரியும்' என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. தவிரவும், கிரேக்கம் படிப்பிக்க மிசிஸ் ப்ராட்வெல் என்ற கெட்டிக்காரி இருந்தார். தேவை வரப்போவதில்லை.

ஒரு வருடம் அப்படியே போயிற்று. கிரேக்கப் பரீட்சைத் தாள்களை மிசிஸ் ப்ராட்வெல் தயாரிப்பார். துறைத் தலைவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்ச நேரம் தங்கி, "நல்லது" என்று சொல்லிக் கையெழுத்து வைப்பார். பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் பெற்றோர் வரும் நாளில் அந்த மனப்பாட வரிகளில் ஒன்றைக் கணீரென்று சொல்லிக் காட்டுவார். வந்தவர்கள் மெய்மறந்து நிற்பார்கள். வீட்டுக்குப் போகும் ரயிலில், அந்த முகங்களை நினைக்கும்போது அவருடைய காது மடல் சுடும்.

அந்தப் பெற்றோரில் ஒருத்தி சந்திரகலா. சென்னையிலிருந்து வந்தவள், கணவனும் அவளும் கம்ப்யூட்டர் வேலை. அவர்களின் ஒரே மகள் ஹம்சா ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கிரேக்கம் படித்தாள். சந்திரகலா மரக்கறிக் கடையில் நீக்கிலாப்பிள்ளையைக் கண்டால் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்வாள்: "எங்க ஹம்சா ஸ்கூல்ல ஸார்தான் கிரீக்குக்கு ஹெட். நம்ம தமிழ் ஆள் ஒருத்தர் வெள்ளைக்காரப் பசங்களுக்கு கிரீக் சொல்லித் தர்றார்னா சும்மாவா?" அவர் முருங்கைக்காயைத் தெரிந்தெடுப்பதில் மும்முரமாகிவிடுவார்.

இரண்டாயிரத்துப் பதினொன்றின் முடிவில் மிசிஸ் ப்ராட்வெல்லின் கணவருக்கு மேற்கு அவுஸ்திரேலியாவில் வேலை கிடைத்து, மிசிஸ் ப்ராட்வெல் பள்ளியை விட்டு விலகினார். புது வருடத்தில் பதினோராம் வகுப்பில் கிரேக்கத்துக்கு ஹம்சாவோடு சேர்த்து நான்கு பேர்தான். பகுதிநேரத்துக்கு வரத் தயாராக ஓர் இளம் ஆசிரியை விண்ணப்பித்திருப்பதாகவும், நான்கு பேருக்காக அவளை எடுப்பதா என்று யோசிப்பதாகவும் அதிபர் சொன்னார். "நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்றால் அவளை எடுக்கத் தேவையில்லை."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாசல் அவருக்குத் திறந்திருக்க முடியாது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார்.

சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஜனவரி விடுமுறையில் கிரேக்க வகுப்புகள் நடக்கும். யாரும் பணம் கட்டிச் சேரலாம். தொடக்க வகுப்பு, நடு வகுப்பு, மேல் வகுப்பு என்று மூன்று. அவர் முதலில் நடு வகுப்புக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு, அதன் பாடப்பகுதியை எடுத்துப் பார்த்தார். முதல் பந்தியே அவருக்குப் பிடிபடவில்லை. பேசாமல் தொடக்க வகுப்புக்கு மாறிக்கொண்டார்.

மனைவி பத்மாவிடம் "ஜனவரியிலை யூனிவர்சிற்றியிலை கிரேக்க வகுப்பு இருக்கு, போகவேணும்" என்று மட்டும் சொன்னார்.

"யூனிவர்சிற்றியிலையும் படிப்பிக்கக் கேட்டிட்டாங்களே?" என்றாள் பத்மா. முகம் மலர்ந்துபோய்க் கேட்டவளை அவர் திருத்தவில்லை. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நேர்சாக இருக்கும் பத்மா ஒரு சங்கதியை மனதில் வைத்திருக்கிறவளல்ல. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது.

வகுப்பு அவருக்குப் பிடித்திருந்தது என்பதுதான் விந்தை. பின்வரிசையில், ஓய்வு பெற்ற பல் வைத்தியர் ஒருவருக்கும் மார்கரெட் என்ற கிழவிக்கும் நடுவில் உட்கார்ந்து, வினைச்சொற்களைக் கோரஸாகச் சொன்னார். அங்கே அவர் மாஸ்டருமல்ல, மிஸ்டர் நிக்கலஸுமல்ல; எல்லாருக்கும் முதற்பெயரில் யூஜின். மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில் பிஸ்கட் தட்டருகே அவர் நின்றபோது, "ஸார்?" என்று ஒரு குரல் கேட்டது.

ஹம்சா. கழுத்தில் அட்டை: நடு வகுப்பு.

"நீங்களும் வந்திருக்கீங்களா? எந்த க்ளாஸ் எடுக்கறீங்க ஸார்?"

அவர் தன் கழுத்தட்டையைக் கையால் பொத்திக்கொண்டார். "நான் எடுக்கேல்லை பிள்ளை. தொடக்கக்காரருக்கு என்னமாதிரிச் சொல்லிக்குடுக்கினம் எண்டு பாக்க வந்தனான். பள்ளிக்கு உதவும்தானே."

"ஓ, நைஸ்" என்றாள் ஹம்சா.

அவள் நம்பிவிட்டுப் போயிருப்பாள். ஆனால் மார்கரெட் வந்துவிட்டாள். கையில் பயிற்சித்தாளோடு, ஊர் கேட்கும் குரலில், "யூஜின், ஆறாவது கேள்வி உனக்கும் பிழையாகிவிட்டதா, எனக்கு மட்டுமா? இன்றைக்கும் நம் இரண்டு பேரையும்தான் வாத்தியார் நிறுத்தி வைக்கப்போகிறார்" என்று அவர் தோளில் தட்டினாள்.

ஹம்சாவின் கண் அவர் முகத்திலிருந்து கழுத்தட்டைக்குப் போய்த் திரும்பியது. அவள் சிரிக்கவில்லை. "நான் போகணும் ஸார், க்ளாஸ் ஆரம்பிச்சுடும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். வகுப்பு ஆரம்பிக்க இன்னும் நேரமிருந்தது. அன்றிலிருந்து இடைவேளையில் அவர் கழிப்பறைப் பக்கம் போய் நின்றார்.

பள்ளி திறந்தபோது அவர் தயாராகவே இருந்தார்: ஹம்சா சொல்லியிருப்பாள், பிள்ளைகள் கிசுகிசுப்பார்கள், யாராவது பெற்றோர் அதிபருக்குப் போன் பண்ணுவார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. முதலில் அவருக்கு நிம்மதி. பிறகுதான் அவள் செய்வதைக் கவனித்தார்.

யாராவது ஒருவன் சிக்கலாக ஒன்று கேட்டால், அவர் வாய் திறக்குமுன் ஹம்சா பதில் சொல்லிவிடுவாள். பதில் அவளுக்கும் தெரியாவிட்டால், "அது அடுத்த பாடத்தில் வரும் என்று நினைக்கிறேன், இல்லையா ஸார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக் கேள்வியை ஒதுக்கிவிடுவாள். அவர் ஒரு வாக்கியத்தில் திணறினால் பேனாவைக் கீழே போட்டு எடுக்க நேரமாக்குவாள். குருடனைத் தெருக்கடத்துகிறவள்போல, பிடித்தது தெரியாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். பதினாறு வயதுப் பிள்ளை. அவர் ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் வியர்த்திருப்பார். நன்றி சொல்லவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. எதைச் சொன்னாலும் இருவருக்கும் தெரிந்ததை வாயால் சொன்னதாகிவிடும்.

மே மாதத்தில் ஒரு நாள் 'கேட்பேன்' என்பதற்குக் கிரேக்கத்தில் என்ன என்று வந்தது. அவர் பலகையில் 'அகூசோ' என்று எழுதினார். வேதாகமத்தில் அப்படி வருவதுண்டு. பிள்ளைகள் படிக்கிற பழைய ஏதென்ஸ் கிரேக்கத்தில் அது 'அகூசோமை' என்றுதான் வரவேண்டும். அவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஹம்சா பலகையைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தவள்போல உதட்டைத் திறந்தாள், பிறகு குனிந்துகொண்டாள்.

அடுத்த கிழமை சிறு பரீட்சை. தாள்களை வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருத்தினார். அதற்குள் அகராதியைப் பார்த்துத் தன் பிழையை அறிந்திருந்தார். நான்கு தாளிலும் 'அகூசோ'. மூவர் நேரே எழுதியிருந்தார்கள். ஹம்சாவின் தாளில் முதலில் 'அகூசோமை' என்று சரியாக எழுதி, அதைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் அவருடைய பிழையை எழுதியிருந்தாள்.

அவர் பேனாவை மூடி வைத்தார். குசினியில் பத்மா எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். அந்த வெட்டின கோட்டை அவரால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இவ்வளவு நாளும் தன் பொய் தன்னோடு மட்டும் என்றிருந்தார். இப்போது ஒரு பிள்ளை அவருக்காகத் தனக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று எழுதப் பழகிவிட்டது. படிப்பிக்கிறவன் ஒருவன் ஒரு பிள்ளைக்குச் செய்யக்கூடியதில் இதைவிடக் கேடானது எது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவளை மட்டும் நிற்கச் சொன்னார். கதவைத் திறந்தே வைத்துவிட்டுத் தமிழில் பேசினார்.

"இது ஏன் வெட்டினனீர்?"

ஹம்சா தரையைப் பார்த்தாள். "நான் மட்டும் வேற மாதிரி எழுதினா, எல்லாரும் யாரு கரெக்ட்னு கேப்பாங்க ஸார். I didn't want them to ask you."

"உமக்கு மார்க் போயிருக்குமே."

"பரவாயில்ல ஸார். ஒரு மார்க்தானே."

அவள் சொன்ன விதத்தில் இரக்கம் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு நிற்பது அவருக்குப் பெரும்பாடாயிருந்தது. "இனி ஒருநாளும் இப்பிடிச் செய்யக்கூடாது. பிழை என்ரை" என்றார். "போட்டு வாரும்" என்று அனுப்பிவிட்டார்.

நான்கு தாளிலும் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டு, பலகையில் எழுதியது தன் பிழை என்று வகுப்பில் சொன்னார். அதே கிழமை அதிபரிடம் போனார். சுற்றி வளைக்கவில்லை. "கிரேக்கம் எனக்குத் தெரியும் என்று உங்களிடம் சொன்னது உண்மையல்ல. அந்தப் பிள்ளைகளுக்குச் சரியான ஆசிரியர் வேண்டும்."

மிசிஸ் லொறிமர் கோபப்பட்டிருந்தால் நீக்கிலாப்பிள்ளை தாங்கியிருப்பார். அதிபர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "டிசம்பரில் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணை எடுத்திருப்பேனே. இப்போது அவள் வேறெங்கோ போய்விட்டாள்" என்று மட்டும் சொன்னார்.

நான்கு பேரில் இருவர் கிரேக்கத்தை விட்டு வேறு பாடத்துக்குப் போனார்கள். ஹம்சாவும் இன்னொருவனும் தொலைக்கல்வி மூலம் தொடர்ந்தார்கள். பெற்றோருக்கு விளக்குகிற வேலையை அதிபர் தானே செய்வதாகச் சொன்னார். நீக்கிலாப்பிள்ளை அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் பண்ணினார். சந்திரகலா முழுவதையும் கேட்டாள்.

"முன்னாடியே சொல்லிருக்கலாமே ஸார்" என்றாள் கடைசியில். "நான் எத்தனை பேர்கிட்ட உங்களப் பத்திச் சொல்லிட்டு இருந்தேன்."

"ஓம். கடையிலை நீங்கள் சொல்லேக்கை நானும் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்" என்றார்.

பத்மாவிடம் சொல்வதுதான் ஆகக் கடினமாயிருந்தது. அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப ஜனவரியிலை நீங்கள் படிப்பிக்கப் போகேல்லையோ?"

"படிக்கப் போனனான்."

"இஞ்சருங்கோ, நான் கோயில் சனம் முழுக்கச் சொல்லிப்போட்டனே. இனி என்னெண்டு முகத்தைக் காட்டுறது?"

"நீர் ஒண்டும் பொய் சொல்லேல்லை, பத்மா. நான்தான் உம்மைத் திருத்தேல்லை."

அவள் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "படிச்சதையாவது ஒழுங்காப் படிச்சு முடியுங்கோ" என்றாள். அவள் மனதில் அது சமாதானம்தான். அவருக்கு அது உறைத்தது.

வருட முடிவில் துறைத் தலைமை கைமாறியது. மெல்பேர்னிலிருந்து வந்த ரேச்சல் என்ற இளம் பெண் தலைவரானாள். இரண்டு மொழியிலும் கரைகண்டவள். ஹம்சாவின் கடைசி வருடக் கிரேக்கத்தை அவளே எடுத்தாள். நீக்கிலாப்பிள்ளை இலத்தீன் ஆசிரியராக மட்டும் தொடர்ந்தார். சக ஆசிரியர்கள் எவரும் அவர் காதுபடக் குத்திப் பேசவில்லை. அவர் வந்ததும் அவர்கள் பேச்சை மாற்றுகிறார்களோ என்று அவருக்கே தோன்றிக்கொண்டிருந்தது. அந்த ஜனவரியில் மறுபடியும் பல்கலைக்கழகத்துக்குப் போனார், நடு வகுப்பில் உட்கார்ந்தார். மார்கரெட்டும் ஏறி வந்திருந்தாள். "நம்மை மேலே அனுப்பியது அவர்களுடைய பிழை" என்று காதில் சொன்னாள்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று கடைசியில் ஹம்சா கிரேக்கத்தில் மிக நல்ல பெறுபேறு எடுத்தாள் என்று ரேச்சல் சொல்லித்தான் தெரிந்தது. சில நாள் கழித்து ஸ்டேஷன் மேடையில் சந்திரகலா எதிர்ப்பட்டாள். ஒதுங்க இடமிருக்கவில்லை.

"ஸார், நல்லா இருக்கீங்களா? வெயில் தாங்கலை, இல்ல?"

"ஓம், இந்த முறை கடும் வெக்கை" என்றார். ஹம்சாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கோ என்கிற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று தயங்கிக்கொண்டிருக்கும்போதே ரயில் வந்துவிட்டது. அவள் ஏறிய பெட்டியை விட்டு அடுத்த பெட்டியில் அவர் ஏறினார். கிரேக்கத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்காதது பெரிய ஆறுதலாயிருந்தது. ஆறுதலாயிருந்ததை எண்ணி, ஹரிஸ் பார்க் ஸ்டேஷன் கடக்கும்வரை அவர் தலை நிமிரவில்லை.