ஓட்டுத் துண்டும் வெறும் கதிரையும்

நண்டுச் சதை எடுக்கிற வேலையில் கண்ணைவிட விரல்தான் பார்க்கும். விரல் பயந்துவிட்டால் வேலை போச்சு. மன்னார்க் கரையில் ஒரு நண்டுத் தொழிற்சாலையில், அவித்த நண்டை உடைத்து, ஓடில்லாமல் சதையை எடுத்துத் தட்டில் வைப்பது என் வேலை. முதுகுக்குப் பின்னால் மேலாளின் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் செய்த வேலையையே திரும்பவும் சரிபார்க்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓட்டுக்காரி

சதை எடுத்த தட்டுகள் சோதிக்கிற மேசைக்குப் போகும். அங்கே எவருடைய தட்டிலும் எப்போதாவது ஓர் ஓட்டுத் துண்டு அகப்படும். மற்றவர்களுடைய தட்டு சத்தமில்லாமல் திரும்பி வரும். என்னுடையது மிஸ்ஸோடு வரும். மிஸ் என்றால் எங்கள் மேற்பார்வையாளர். என்னைவிட மிக இளையவர், ஆனால் எனக்கு "நீ" என்றுதான் பேசுவார்.

அவர் வந்தால் கதிரையை விட்டு எழும்பி நிற்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம். நண்டுத் தண்ணீர் முழங்கை வழியே வடிய நான் நிற்பேன். அவர் துண்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஓட்டுக்காரி" என்று கூப்பிடுவார். சிலர் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அடுத்தது தாங்கள்தான் என்று அவர்களுக்குப் பயம். நான் மன்னிப்புக் கேட்பேன். ஒருநாள் அதுவும் அவருக்குப் போதவில்லை.

"எட்டாம் வகுப்போட நிண்ட உனக்கு நண்டும் விளங்காது, ஒண்டும் விளங்காது."

மீன் முள்

பயந்த விரல் ஓட்டைத் தவறவிடும். தவறவிட்டால் ஏச்சு. ஏச்சு விழுந்தால் விரல் இன்னும் பயப்படும். வீட்டிலும் அதே கதைதான். அரிசியில் கல் பார்த்துப் பார்த்து, அடுப்பில் உலை வற்றிவிடும். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன்.

என் கணவர் கடலுக்குப் போகிறவர். ஒரு மத்தியானம் அவருடைய தட்டில் முள் இருந்துவிடுமோ என்று மீன் துண்டைப் பிசைந்து பிசைந்து பார்த்தேன். மீன் சம்பலாகிவிட்டது. வேலையை விடப் போகிறேன் என்றேன். விட்டால் எங்கள் பக்கத்தில் எனக்கு வேறு வேலை இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவர் அந்தப் பிசைந்த மீனை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"நான் சின்னனில இருந்து முள்ளு எடுத்துத் திண்டு வளந்தவன். நீ ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருக்காக் காட்டு."

வெறும் கதிரை

கை நடுங்குகிறது என்று காட்டப் போன என்னை டொக்டர், மனக் கஷ்டத்தைக் கேட்டு உதவுகிற உளவளத்துணை அறைக்கு அனுப்பினார். பைத்தியம் என்று ஊர் சொல்லிவிடுமே என்று, பக்கத்து வீட்டில் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லிவைத்தேன். கிழமைக்குக் கிழமை போனதில், என் வாயில் பல்லே மிஞ்சியிராது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

உளவளத்துணையாளர் ஓர் இளம் பெண். முதலில் நான் அழுதேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாருடைய தட்டிலும் ஓடு வருமா என்று ஒருநாள் கேட்டார். வரும், வராவிட்டால் சோதிக்கிற மேசை எதற்கு என்றேன். சொன்ன பிறகு, அதை எனக்குள் திரும்பவும் சொல்லிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டார். அதில் மிஸ் இருப்பதாக நினைத்து, மனதில் உள்ளதைச் சொல்லச் சொன்னார். கதிரையைப் பார்த்ததுதான் தெரியும். நான் எழும்பி நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, அது வெறும் கதிரை. நீங்கள் இருங்கோ."

கழுதைக்குச் சொன்னது

நானும் உளவளத்துணையாளருமாக ஒரு வசனம் செய்தோம். தட்டில் ஓடு இருந்தால் தட்டைத் தாருங்கள், திருத்துகிறேன். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவ்வளவுதான். அதை வீட்டில் சொல்லிப் பழக வெட்கம். மன்னாரில் கழுதைகளுக்குப் பஞ்சமில்லை. வேலைக்கு ஏற்றிப் போகிற வான் வண்டி வரும் இடத்தில், வேலியோரம் நின்ற ஒன்றுக்குச் சொன்னேன். குரல் காணாது என்று தோன்ற, இன்னும் பலமாகச் சொன்னேன்.

பின்னால் றசீனா நின்றது தெரியாது. சிலாவத்துறையில் இருந்து வந்து இங்கே குடியிருக்கிறவள். வேலையில் எனக்குப் பக்கத்துக் கதிரை. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. என்ன நடக்கிறது என்று கேட்டாள். மறைக்க வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"கழுதை காது குடுத்துக் கேட்டிச்சு அக்கா. மிஸ்ஸுக்கும் அப்பிடி ரெண்டு காது இருந்தாக் காணும்."

என் பேர்

அடுத்த கிழமை மிஸ் என் தட்டோடு வந்தார். துண்டைத் தூக்கிப் பிடித்து, "ஓட்டுக்காரி" என்றார். நான் எழும்பவில்லை. துணிவு என்று நினைக்காதீர்கள். பாடமாக்கிய வசனத்தில் பாதி மறந்துவிட்டது. "என்ர பேர் செல்வராணி, மிஸ். தட்டைத் தாங்கோ" என்று மட்டும் வந்தது.

மிஸ் சிரிப்புக்காகப் பக்கத்துக் கதிரையைப் பார்த்தார். றசீனா தலை நிமிராமல் நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தாள். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. மிஸ் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று எதிர்பார்த்தால், நீங்கள் இன்னும் ஒருவருக்குக் கீழே வேலை செய்யாத ஆள். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று சில நாள் பயந்து பயந்துதான் போனேன். பிறகு ஒரு காலை இன்னொரு தட்டோடு வந்தார். துண்டு தட்டிலேயே இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன பேர் சொன்னனீங்கள்?"

சப்பாத்துச் சத்தம் கேட்டால் என் கை இன்றைக்கும் நடுங்கத்தான் செய்கிறது, ஆனால் இப்போது கதிரையில் இருந்தபடியே நடுங்குகிறது.