ஷெரிஃபின் தங்க முலாம் சாவி

போலீஸ் கார் வாங்குவது என்றால் நிறம் பார்த்து எடுப்பது என்றுதான் மார்லோ கவுன்ட்டியில் பலரும் நினைத்தார்கள். வெல்டா ஸ்டக்கிக்கு அது இரண்டு பக்கப் படிவம். இண்டியானாவின் அந்த மூலைக்கு வேண்டிய ரோந்து கார்களைப் பதினெட்டு வருடமாக அவள்தான் நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஆர்டர் செய்துவந்தாள். பெரிய ரேடியேட்டர், கனத்த பிரேக், சரிபார்த்த வேகமானி, வாந்தியைக் கழுவிவிட வசதியாகக் கம்பளத்துக்குப் பதில் ரப்பர் விரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலை ஓர் எண் வைத்திருந்தது. எண்ணை அடிக்க மறந்தால் அந்தப் பொருள் இல்லாமலே கார் வந்து நிற்கும்.

அந்தக் கார்களில் ஒன்றில்கூட அவள் ஏறியதில்லை. ஏறச் சொன்னவர்களும் இல்லை. தன்னுடைய பழைய சின்னக் காரில் வந்து, மேசையிலேயே சாண்ட்விச் தின்று, ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போவாள்.

படிவத்தின் கடைசியில் ஒரு வரி உண்டு: பொதுச் சாவி. எந்தக் காவலரும் எந்தக் காரையும் எடுக்கலாம் என்பதற்காக ஐந்து கார்களுக்கும் ஒரே சாவி. வருடா வருடம் புது ஐந்து வரும், பழைய ஐந்து சந்தைத் திடலில் ஏலம் போகும். சாவியும் காரோடு போகும் என்பதால் ஒவ்வொரு வருடமும் வெல்டா சாவி எண்ணை மாற்றிவிடுவாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கொஞ்சம் யோசித்தால் யாருக்கும் தெரியும்.

1974இல் கவுன்ட்டியின் போலீஸ் தலைவராக, அதாவது ஷெரிஃபாக, ஜெயித்து வந்த ராய்ஸ் ஹென்னிகர் யோசிக்கிற ஆள் இல்லை. அதுவரை மெத்தை விற்றுக்கொண்டிருந்தவர். தேர்தலில் அவருக்காக வீடு வீடாகப் போனவர்கள், அப்போது ஓடிக்கொண்டிருந்த கார்களின் சாவியைத் தங்க முலாம் பூசிப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அதை விரலில் சுழற்றிக்கொண்டே கீழ்த்தளத்துக்கு வந்தார்.

"எனக்குப் பழையபடி பிரவுன் கலர்தான். மேல லைட்டு வேணாம், கூரையில ஓட்ட போட்டா அசிங்கமா இருக்கு. கடிகாரம் ஒண்ணு சேத்துக்க. சாவி நம்பர மட்டும் மாத்தாத, வெல்டா கண்ணு. பசங்க ஆசையா குடுத்தது."

"பழைய காருங்க ஏலத்துக்குப் போகுது, ஷெரிஃப். வாங்குறவன் சாவி நம்ம புதுக் காரையும் தொறக்கும்."

"போலீஸ் கார எவன்மா திருடுவான்? நீ டைப் அடி."

"அப்ப அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார். மெத்தை ரசீதில் போடுவதுபோல, பாதிப் பக்கத்துக்கு.

அவருடைய மைத்துனிக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. வெல்டாவின் நாற்காலி மேல்தான் கண். அவளிடம் ஒரு தப்பு அகப்பட வேண்டும், அவ்வளவுதான்.

புதுக் கார்கள் வந்து பழையவை ஏலம் போன பிறகு, மே மாதம் ஒரு மதியம், நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் தட்டைவிடப் பெரிய பன்றி வறுவலைத் தின்று முடித்து, ஏப்பம் விட்டுக்கொண்டு ஷெரிஃப் வெளியே வந்தார். வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் அவர் நிறுத்தியிருந்த புது பிளிமத் காரைக் காணவில்லை.

பத்து நிமிடத்தில் கீழ்த்தளத்துக்கு வந்து நின்றார்.

"கண்ணாடி ஒடையல, கம்பி விட்டு நெம்பல. சாவி போட்டு எடுத்திருக்கான். மாத்துச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"அலமாரியில இருக்கு. அஞ்சும் இருக்கு, எண்ணிப் பாருங்க."

"நகல் சாவி அடிச்சு எவனுக்காவது குடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூணு மணிக்கு கவுன்ட்டி கமிஷனருங்க கூடுறாங்க. மேசைய காலி பண்ணிட்டு வா."

வெல்டா மேசையைக் காலி செய்யவில்லை. படிவத்தின் நகலை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனாள். ஷெரிஃப் நிறுத்திய இடத்துக்கு மூன்று இடம் தள்ளி ஒரு பிரவுன் பிளிமத் நின்றது. காவலர் லாய்ட் அதன் மேல் சாய்ந்து, பிரவுன் பிளிமத் களவுபோனதைப் பற்றி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தான்.

"லாய்ட், இது யாரு வண்டி?"

"தெரியலம்மா. நான் காணாமப் போன வண்டியத்தான் பாக்குறேன்."

வெல்டா கூரையைத் தடவினாள். விளக்குக்காகத் தொழிற்சாலை போட்ட ஓட்டையில் ரப்பர் அடைப்பு இருந்தது. பின் இருக்கையில் முட்டைத் தட்டுகள். சில மாதம் தானே ஓட்டிய பழைய கார் கண்ணெதிரே நின்றும் ஷெரிஃபுக்கு அடையாளம் தெரியவில்லை.

மூன்று மணிக்குக் கவுன்ட்டி நிர்வாகத்தை நடத்தும் மூன்று கமிஷனர்கள் முன்னால் ஷெரிஃப் அரைமணி நேரம் பேசினார். நம்பிக்கை, துரோகம் என்ற சொற்களெல்லாம் வந்தன. கடைசியில் தலைவர் வெல்டாவைப் பார்த்தார். "சொல்றதுக்கு எதுனா இருக்கா?"

"ஷெரிஃபோட தங்கச் சாவி ஒரு நிமிஷம் வேணும். எல்லாரும் கீழ தெரு வரைக்கும் வாங்க."

தெருவில் அந்தச் சாவியை அவள் முட்டைக் காரில் போட்டுத் திருப்பினாள். கதவு திறந்தது. படிவத்தை எடுத்துத் தலைவரிடம் நீட்டினாள். அவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஷெரிஃபைப் பார்த்தார். ஷெரிஃப் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அப்போது இன்னொரு பிரவுன் பிளிமத், கூரையில் ஓட்டை இல்லாதது, மெதுவாக வந்து நின்றது. இறங்கியவர் எமில் கோட்ஸ். முட்டைப் பண்ணைக்காரர், கண் அவ்வளவாகத் தெரியாதவர், ஏலத்தில் பழைய காரை எடுத்தவர்.

"என் முட்டையக் காணோம்னு திரும்பி வந்தேன். இந்த ரேடியோ வேற வாய மூட மாட்டேங்குது. ஏதோ பிரவுன் காரு திருடு போச்சாமே? வழியெல்லாம் பாத்துக்கிட்டேதான் வந்தேன், ஒண்ணும் கண்ணுல படல."

லாய்ட் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றான்.

"இவன கைது பண்ணுடா" என்றார் ஷெரிஃப்.

"எதுக்குங்க? தான் வாங்குன சாவியப் போட்டு வண்டி எடுத்ததுக்கா?" என்றார் தலைவர். "நீ போய் உன் வேலையப் பாரு, வெல்டா. ராய்ஸ், நீங்க இருங்க."

ஐந்து கார்களுக்கும் அந்த வாரமே பூட்டு மாற்றினார்கள். மைத்துனி மெத்தைக் கடைக்கு வேலைக்குப் போனாள். அடுத்த வருடப் படிவத்தை வெல்டா தனியாகவே அடித்தாள். கடிகாரத்துக்கான எண்ணை மட்டும் மறந்துவிட்டதாகச் சொன்னாள். பதினெட்டு வருடத்தில் அவள் மறந்த ஒரே எண் அதுதான்.

தங்கச் சாவியை ஷெரிஃப் இன்னும் விரலில் சுழற்றுகிறார். ஏலத்தில் போன பழைய கார்களைத்தான் அது திறக்கும். அதிலும் ஒன்றில் முட்டை இருக்கும்.